சீசன் நடுவே 300 ஜிபி வால்யூமை ஊர் மாற்றுவது

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் தொழிற்சாலைகளில் சர்வரை நிறுத்துகிறேன் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். லோடு இரவு பகலாக வந்துகொண்டே இருக்கும். எடைமேடையில் லாரி ஏறியதும் எடை, வண்டி நம்பர், கேமரா எடுத்த படம், விவசாயியின் பெயர், அவருக்குப் போக வேண்டிய தொகை எல்லாம் ஒரே சர்வருக்குள் போகும். அது ஒரு மணி நேரம் நின்றால் வண்டிகள் ரோடு வரைக்கும் நிற்கும், காய் வெயிலில் கிடந்து கனியும், நஷ்டம் லோடு கொண்டுவந்தவர் தலையில்தான் விழும். அதனால் டவுன்டைம் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் அப்படியொரு தொழிற்சாலையின் 300 ஜிபி எல்விஎம் வால்யூமை (லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்து ஆளும் எல்விஎம் வெட்டிக் கொடுத்த ஒரு பகுதி), தர்மபுரியில் இருக்கும் அவர்கள் அலுவலகத்தின் புது சர்வருக்கு மாற்ற வேண்டியிருந்தது. "ராத்திரி நிறுத்திட்டு டிடி போட்டா காலைல முடிஞ்சிடும்ல?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. டிடி என்பது டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் கமாண்ட். கணக்குப் போட்டுப் பார்த்தால் முடியாது. அங்கிருந்து வெளியே போகும் அப்லோட் வேகம் 40 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 5 எம்பி. 300 ஜிபி போய்ச்சேர 60,000 விநாடி, பதினாறு மணி நாற்பது நிமிடம். இதே வேலை ஒரே அறைக்குள் ஜிகாபிட் ஸ்விட்ச் வழியாக நடந்தால் நடைமுறையில் விநாடிக்கு 110 எம்பி கிடைக்கும், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் சர்வர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை லைன் வேகத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது என்பது என் கருத்து. காப்பி ஓடும் அந்தப் பதினேழு மணி நேரத்தில் 300 ஜிபியில் எவ்வளவு மாறுகிறது? எடைச்சீட்டும் படமும் சேர்த்து 2 ஜிபி மாறினால், நிறுத்திவைத்து அனுப்ப வேண்டியது அந்த 2 ஜிபி மட்டும்தான். 5 எம்பி வேகத்தில் ஏழு நிமிடம் கூட ஆகாது. மீதி முழுவதையும் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அனுப்பிவிடலாம்.

எதற்கு பிளாக் அளவில் (டிஸ்க்கின் சிறு துண்டுகளாக) இறங்க வேண்டும், ஃபைல் ஃபைலாக ஒப்பிட்டு அனுப்பும் ஆர்சிங்க் போதாதா என்று கேட்பார்கள். ஃபைல்கள் குறைவாக இருந்தால் போதும், நானும் அதைத்தான் போடுவேன். இங்கே லட்சக்கணக்கில் குட்டிக் குட்டிப் படங்கள். ஆர்சிங்க் ஒவ்வொரு ஃபைலாகத் தட்டிப் பார்த்து முடிப்பதற்குள் பழைய சுழலும் டிஸ்க் திணறிவிடும், அதிலும் நிறுத்திவைத்த பிறகு ஓடும் கடைசிச் சுற்றில் இந்தத் தட்டிப் பார்க்கும் நேரம் முழுக்க டவுன்டைமில்தான் சேரும். வால்யூமை முதல் பிளாக்கிலிருந்து கடைசி பிளாக் வரை வரிசையாகப் படிப்பது அதே டிஸ்க்குக்குச் சுலபம்.

சரி, முதல் சுற்று. பழைய சர்வரில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் வால்யூம் இருந்த நிலையை அப்படியே காட்டும் பிரதி) எடுங்கள். மவுன்ட் ஆகியிருக்கும் (பயன்பாட்டில் இணைந்திருக்கும்) ஃபைல் சிஸ்டத்தை எல்விஎம் அந்த ஒரு கணம் உறைய வைத்துவிட்டுத்தான் ஸ்னாப்ஷாட் எடுக்கும், அதனால் நடுவில் எழுதிக்கொண்டிருந்தது அரைகுறையாக நிற்காது. அப்புறம் அந்த ஸ்னாப்ஷாட்டை டிடி படிக்க, பைப் (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் குழாய்) வழியாக எஸ்எஸ்ஹெச் என்ற பூட்டிய இணைப்பு எடுத்துக்கொண்டு போக, அந்தப் பக்கம் இன்னொரு டிடி புது வால்யூமில் எழுத வேண்டும். பிளாக் அளவை 4 எம்பி என்று கொடுங்கள். எதுவும் சொல்லாமல் விட்டால் டிடி 512 பைட்டாக அள்ளி அள்ளிப் போடும், சிபியு வீணாகும்.

ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கும் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மூல வால்யூமில் ஒரு துண்டு முதல்முறை மாறும்போது, அதன் பழைய உள்ளடக்கத்தை ஸ்னாப்ஷாட்டின் இடத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் புதியதை எழுத விடும். இடம் நிறைந்துவிட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். மூல வால்யூமுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பத்து மணி நேரமாக அனுப்பிக்கொண்டிருந்த காப்பி வீண். எல்விஎஸ் கமாண்டில் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று காட்டும், அதை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருங்கள், 70 தாண்டினால் எல்விஎக்ஸ்டெண்ட் போட்டுப் பெரிதாக்கிவிடலாம். எழுதும் வேகம் கொஞ்சம் குறையும் என்பதும் உண்மை, எடைமேடைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கம்ப்ரஷன் (அனுப்பும் முன் சுருக்குவது) போடலாமா? மெதுவான லைனுக்கு இசட்எஸ்டிடி போட்டால் டேட்டாபேஸ் பகுதி நன்றாகச் சுருங்கும், ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை என்பதால் அதில் ஒன்றும் மிஞ்சாது. ஜிகாபிட் ஸ்விட்ச்சில் சாதாரண ஜிஜிப்பைப் போட்டால் அது ஒரே கோரில் ஓடி, லைனையே பிடித்து இழுக்கும், அங்கே போடாமல் இருப்பதுதான் வேகம். எஸ்எஸ்ஹெச் மெதுவாக இருக்கிறது என்று என்கிரிப்ட் செய்யாமல் அனுப்பும் நெட்கேட்டுக்கு மாறுகிறவர்கள் உண்டு. இரண்டு சர்வருக்கும் நடுவில் நேரடியாக ஒரு கேபிள் போட்டிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண் இருக்கும் டிஸ்க்கை இன்டர்நெட் வழியாக மூடாமல் அனுப்புவதை மட்டும் நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

லைன் அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே யோசித்துவிட வேண்டும், எங்கள் பக்கம் ரோடு தோண்டும்போது ஃபைபர் அறுவதும் கரண்ட் போவதும் புதிதல்ல. 300 ஜிபியை ஒரே ஓட்டமாக விடாமல் 10 ஜிபி துண்டுகளாக அனுப்புவேன். டிடியில் படிக்கும் பக்கம் ஸ்கிப், எழுதும் பக்கம் சீக் (எத்தனை பிளாக் தள்ளித் தொடங்குவது என்ற எண்), இரண்டிலும் ஒரே எண், ஒரே பிளாக் அளவு. எங்கே விட்டதோ அங்கிருந்தே தொடரலாம். ஒரு விஷயத்தில் மட்டும் உஷார். எத்தனை பிளாக் என்ற கவுன்ட்டைப் படிக்கும் பக்கத்தில் மட்டும் கொடுங்கள். எழுதும் பக்கத்து டிடி பைப்பிலிருந்து படிக்கிறது, லினக்ஸ் பைப்பின் வழக்கமான கொள்ளளவு 64 கேபிதான், அதனால் 4 எம்பி கேட்டால் ஒவ்வொரு முறையும் குறைவாகத்தான் கையில் வரும், அந்தக் குறைப் படிப்பையும் ஒரு முழு பிளாக்காக எண்ணிவிட்டு துண்டு முடிவதற்கு முன்பே நின்றுவிடும். அங்கேயும் கவுன்ட் வேண்டுமென்றால் ஃபுல்பிளாக் என்ற ஐஃப்ளாக் (பிளாக் நிறையும் வரை படிக்கச் சொல்லும் ஆப்ஷன்) கட்டாயம். ஓட்டத்தை, இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸுக்குள் வைப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

புது வால்யூமின் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும், ஒரு பைட் கூடக் குறையக் கூடாது. எல்விஎஸ்ஸில் அளவை பைட்டில் கேட்டு வாங்கி அப்படியே கொடுங்கள். "300 ஜி" என்று காட்டுவதை நம்பாதீர்கள், அது ரவுண்ட் பண்ணிய எண்ணாக இருக்கலாம். எக்ஸ்டென்ட், அதாவது எல்விஎம் இடம் ஒதுக்கும் அலகு, வழக்கமாக 4 எம்பி. புது சர்வரின் வால்யூம் குரூப்பில் (வால்யூம்களை வெட்டி எடுக்கும் மொத்த டிஸ்க் இடம்) யாராவது 32 எம்பி வைத்திருந்தால் வால்யூம் கொஞ்சம் பெரிதாக அமையும், ஃபைல் சிஸ்டத்துக்கு அதில் தொந்தரவு இல்லை. ஆனால் ஷா256 (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஹாஷ் எண்) ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் வேறு விடை வந்து பயமுறுத்தும், பழைய வால்யூமின் பைட் அளவுக்கு மட்டும் வெட்டி ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது சுற்றுதான் இந்த வேலையின் உயிர். மாறிய பிளாக்குகளைக் கண்டுபிடிக்க இரண்டு பக்கமும் ஹாஷ் போட்டு ஒப்பிடும் ஸ்கிரிப்ட்கள் நிறைய இருக்கின்றன. நெட்வொர்க்கில் போவது குறைவுதான், ஆனால் அவை முழு டிஸ்க்கையும் மறுபடி படிக்கின்றன. விநாடிக்கு 150 எம்பி படிக்கும் டிஸ்க்கில் 300 ஜிபிக்கு 33 நிமிடம், அது முழுக்க சர்வர் நின்றிருக்கும் நேரம். இந்த வேலைக்குத் தேவையே இல்லை. எது மாறியது என்ற பட்டியல் ஸ்னாப்ஷாட்டுக்குள்ளேயே இருக்கிறதே! எந்தெந்தத் துண்டின் பழைய உள்ளடக்கத்தை எடுத்து வைத்தோம் என்று எல்விஎம்முக்கு அடியில் ஓடும் டிவைஸ் மேப்பர் ஒரு அட்டவணை எழுதி வைத்திருக்கும், எதுவும் மாற்றாமல் விட்டால் துண்டு ஒன்று 4 கேபி. அந்த அட்டவணையைப் படித்து, அதில் இருக்கும் துண்டுகளை மட்டும் மூல வால்யூமிலிருந்து எடுத்து அனுப்பினால் போதும். எல்விஎம்சிங்க் என்ற சின்ன ஸ்கிரிப்ட் இதைத்தான் செய்கிறது. தின் வால்யூமாக (எழுத எழுதவே இடம் ஒதுக்கும் வகை) இருந்தால் அதற்கு இந்த முறை ஒத்துவராது, அங்கே இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைச் சொல்ல தின் டெல்டா என்ற கருவி இருக்கிறது.

இரண்டு சுற்றுக்கும் நடுவில் புது சர்வரில் வால்யூமை மவுன்ட் செய்து பார்க்க எல்லாருக்கும் கை துடிக்கும். தயவுசெய்து வேண்டாம். ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்தாலும் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தன் ஜர்னலில் (மாற்றங்களின் குறிப்பேடு) மிச்சம் இருந்தால் அதை ஓட்டி டிஸ்க்கில் எழுதும். அப்படி எழுதிய பிளாக் நம் பட்டியலில் இருக்காது, இரண்டாவது சுற்றும் அதைத் திருத்தாது, ஃபைல் சிஸ்டம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். பார்த்தே ஆக வேண்டும் என்றால் புதுப் பக்கத்தில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து அதை மவுன்ட் செய்து பாருங்கள், முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

ஜிகாபிட்டில் பக்கத்துப் பக்கத்து சர்வர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. புது சர்வரின் டிஸ்க்கை ஐஸ்கசி அல்லது என்பிடி என்ற நெட்வொர்க் முறை வழியாகப் பழைய சர்வருக்குக் காட்டி, வால்யூம் குரூப்பில் சேர்த்து, பிவிமூவ் போட்டால் ஓட ஓடவே இடம் மாறும். ஒரே அறைக்குள் நான் இதை விரும்புவேன். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு வேண்டவே வேண்டாம், லைன் நடுவில் போனால் ஓடிக்கொண்டிருக்கும் வால்யூமின் எழுத்தும் படிப்பும் அப்படியே தொங்கும். நாள்கணக்கில் இரண்டு பக்கமும் ஒன்றாகவே ஓட வேண்டும் என்றால் டிஆர்பிடி இருக்கிறது, 2010இல் வந்த 2.6.33 கர்னலிலிருந்தே லினக்ஸோடு சேர்ந்து வருகிறது.

முதல் சுற்றை நெட்வொர்க்கில்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஸ்னாப்ஷாட்டை லக்ஸ் என்கிரிப்ஷன் போட்டுப் பூட்டிய யுஎஸ்பி டிஸ்க்கில் எடுத்தால் ஒரு மணி நேரம், பஸ்ஸில் தர்மபுரிக்கு இன்னொரு மணி நேரம், அங்கே இறக்க இன்னொன்று. பதினேழு மணி நேர வேலை மூன்று மணி நேரத்தில் முடிகிறது. நேரம் குறைவதால் மாறும் பிளாக்கும் குறைகிறது, இரண்டாவது சுற்று இன்னும் சின்னதாகிறது.

நிறுத்துவதற்கு லோடு குறையும் விடியற்காலைதான் சரியான நேரம். சர்வீஸ்களை நிறுத்துங்கள், வால்யூமை அன்மவுன்ட் செய்யுங்கள், மாறியதை அனுப்புங்கள். முழு ஷா256 பார்க்க இரண்டு பக்கமும் அரை மணி நேரம் ஆகும், அதற்காக லாரியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. புதுப் பக்கத்தில் சர்வீஸ் ஏற்றுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு ஏற்றுங்கள், ஸ்னாப்ஷாட்டின் ஹாஷையும் பழைய வால்யூமின் ஹாஷையும் பின்னணியில் ஓடவிட்டு ஒப்பிடலாம். ஃபைல் சிஸ்டத்தின் யுயுஐடி (அதற்கே உரிய அடையாள எண்) அப்படியே கூட வரும் என்பதால், எதை எங்கே மவுன்ட் செய்வது என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேபில் யுயுஐடி போட்டிருந்தால் அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் மட்டும் நினைவு வைத்துக்கொள்ளுங்கள், ஒரே யுயுஐடி உள்ள மூலத்தையும் ஸ்னாப்ஷாட்டையும் ஒரே சர்வரில் சேர்த்து மவுன்ட் செய்ய அது விடாது, நோயுயுஐடி ஆப்ஷன் கொடுக்க வேண்டும்.

ஹாஷ் சரியாக வந்த பிறகு பழைய வால்யூமில் மிஞ்சியிருக்கும் ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிட்டு, வால்யூமின் பெயரை மாற்றி, எல்விசேஞ்சில் ரீட் ஒன்லி ஆக்கி வைத்துவிடுவேன், யாரும் பழக்க தோஷத்தில் அங்கே எடைச்சீட்டு எழுதிவிடக் கூடாது. எல்விரிமூவ் போட்டு அழிப்பதெல்லாம் சீசன் முடிந்து விவசாயிகளுக்குக் கடைசிப் பட்டுவாடாவும் நடந்த பிறகுதான்.