சொத்து வரிச் சீட்டும் பள்ளி வாரியக் கூட்டமும்

நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுன்ட்டியில் வீடு வாங்கிக் குடியேறும் தமிழர்களில் பலருக்கு உள்ளாட்சி முதலில் அறிமுகமாவது சொத்து வரிச் சீட்டின் வழியாகத்தான். கவுன்ட்டிக்கு (மாவட்டம் போன்றது) இவ்வளவு, டவுன்ஷிப்புக்கு (ஊர் அளவிலான உள்ளாட்சி) இவ்வளவு என்று அதில் பிரித்துக் காட்டியிருந்தாலும், பெரும்பாலான ஊர்களில் பெரும்பங்கு பள்ளிகளுக்கே போய்ச் சேர்கிறது. அந்தப் பங்கை முடிவு செய்வது, ஊர்ப் பள்ளிகளை மேற்பார்க்கும், சம்பளமின்றிப் பணியாற்றும் பள்ளி வாரியம்.

நியூ ஜெர்சியில் 1975-இல் இயற்றப்பட்ட திறந்த பொதுக்கூட்டச் சட்டப்படி, இத்தகைய அமைப்புகளின் கூட்டங்களில் பணியாளர் விவகாரம், வழக்கு போன்ற சிலவற்றைத் தவிர மற்ற யாவும் மக்கள் முன்னிலையிலேயே பேசப்பட வேண்டும். டவுன்ஷிப் கவுன்சிலும் பள்ளி வாரியமும் பொதுமக்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். வாக்குரிமை இல்லாத, எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவரும் மைக் முன் நிற்கலாம். பெயரையும் முகவரியையும் கேட்பார்களே தவிர விசாவைக் கேட்பதில்லை. கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் நிறைந்த எங்கள் பகுதியில் இதை அறியாதவர்கள் இன்னும் பலர்.

அரங்கு நிரம்புவது பெரும்பாலும் பள்ளிப் பேருந்துக்காகத்தான். எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் வீடு பள்ளியிலிருந்து 2 மைலுக்கு அப்பாலும், உயர்நிலைப் பள்ளியினருக்கு 2.5 மைலுக்கு அப்பாலும் இருந்தால் மட்டுமே பொதுவாகப் பேருந்து விடுவது சட்டப்படி கட்டாயம்; அதற்கு உட்பட்டவர்களுக்குக் கிடைப்பது 'கர்ட்டஸி பஸ்' என்னும் சலுகை, பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் கத்தரிக்கப்படுவனவற்றில் அதுவும் ஒன்று. எங்கள் தெருவின் பேருந்துக்கு அந்த நிலை வந்தபோது, ஒருவருக்கு மூன்று நிமிடம் என்ற கணக்கில் பலர் பேசினார்கள். "நாங்களும் வரி கட்டுகிறோம்" என்றே பெரும்பாலோர் தொடங்கினார்கள். வரி கட்டாதவர் யாரும் அந்த அரங்கில் இல்லை என்பதால் அதற்கு ஒரு பயனும் இல்லை. ஒரு பெண்மணி மட்டும், நடைபாதையே இல்லாத சாலை வளைவின் படங்களையும், பனி ஒதுக்கப்பட்ட பிறகு பிள்ளைகள் நடக்க எஞ்சும் இடத்தின் அகலத்தையும் அச்சிட்டு, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்தார். தலைவர் நன்றி கூறிவிட்டு அடுத்த பெயரை வாசித்தார். புதிதாக வந்தவர்கள் இதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு கொதிக்கிறார்கள். ஆனால் அந்த நேரம் வாரியத்தினர் காது கொடுத்துக் கேட்பதற்கானது, உடனுக்குடன் பதில் சொல்வதற்கானது அன்று.

பள்ளி பட்ஜெட் மீதான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வசந்த காலத்தில் நடப்பதற்குள் கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பள்ளி வரி வசூலை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் பொதுவாக உயர்த்த இயலாது என்பதால், பேருந்தைக் காப்பாற்ற இசை வகுப்பிலோ ஆசிரியர் பணியிடத்திலோ கை வைக்க நேரும். ஆகவே, பேச விரும்புவோர் ஜனவரி, பிப்ரவரிக் கூட்டங்களுக்கே போவது நல்லது; அப்போது நாற்காலிகள் காலியாகக் கிடக்கும், உறுப்பினர்களுக்கும் கேட்கும் பொறுமை இருக்கும். எங்கள் பேருந்து அந்த ஆண்டு தப்பியது. மறு ஆண்டிலிருந்து கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் என்றாகிவிட்டது.