தேவாங்கு வாழும் பட்டா நிலத்தைக் காப்பகமாக்கப் பதினான்கு மாத அலைச்சல்

அப்பா விட்டுப்போன நிலத்தில் நாலே கால் ஏக்கர் ஏர் படாதது. காப்புக்காட்டை ஒட்டிய ஓடைக்கரை. உசிலும் வேலமும் கிளுவையும் மண்டிக் கிடக்கும். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை அடித்தால் கிளைகளுக்குள் தேவாங்கின் கண்கள் மின்னும். ஒரே இரவில் ஒன்பது எண்ணியிருக்கிறேன். 2022-இல் கடவூரில் தேவாங்குக்கென்றே 11,806 ஹெக்டேரில் சரணாலயம் வந்தபோது மகிழ்ந்தேன். ஆனால் அது அரசின் காப்புக்காடு. என்னுடையது போன்ற பட்டா நிலத்துக்கு என்ன வழி என்று தேடியபோதுதான் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவு கண்ணில் பட்டது. 2002 திருத்தத்தில் சேர்ந்தது. தனிநபர் தானாக முன்வந்தால் அவர் நிலத்தையும் சமுதாயக் காப்பகமாக மாநில அரசு அறிவிக்கலாம்.

வன அலுவலகத்தில் மனுவை வாங்கவே மறுத்தார் எழுத்தர். "இது அரசு நிலத்துக்குத்தான் மேடம். உங்க பட்டாவுக்கு நாங்க என்ன பண்ண முடியும்? தாலுகா ஆபீஸ் போங்க." தாலுகா அலுவலகத்தில், "காடுன்னா ஃபாரஸ்ட்காரங்ககிட்டதான் கேக்கணும்" என்றார்கள். இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரம் அது. இப்படி இரண்டு முறை திரும்பி வந்தேன்.

வன அலுவலக எழுத்தர் எங்கே குழம்புகிறார் என்பது வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. 36ஏ பிரிவில் வருவது கன்சர்வேஷன் ரிசர்வ். 2005-இல் திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூரில் அறிவித்தார்களே, அந்த வகை. அரசுக்குச் சொந்தமான நிலத்துக்கே அது பொருந்தும். நான் கேட்டது 36சி. மூன்றாவது முறை இரண்டு பிரிவுகளையும் அச்செடுத்து, 'தனிநபர்' என்ற சொல்லுக்கு அடிக்கோடிட்டுக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அன்று ஒப்புகைச் சீட்டோடு வீடு திரும்பினேன். தயவுசெய்து நேரில் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரை வாங்குங்கள்.

வில்லங்கச் சான்று ஆன்லைனிலேயே கிடைத்துவிட்டது. பட்டாதான் என்னைப் படுத்தியது. அப்பா, சித்தப்பா இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. அப்பா இறந்து எட்டு வருடமாகியும் நாங்கள் பெயர் மாற்றவில்லை. சித்தப்பாவோ, "ஃபாரஸ்ட்காரன்கிட்ட குடுத்துட்டா அப்புறம் உன் நிலத்துக்குள்ள நீயே போக முடியாதும்மா, வித்துத் தொலை" என்றார். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், சர்வேயர் வந்து உட்பிரிவு என்று ஆறு மாதம் இதிலேயே போயிற்று. நிலத்தை இப்படி விட்டுவைக்க நினைப்பவர்கள் வேறு எந்த மனுவும் எழுதும் முன் தனிப் பட்டாவை வாங்கிவிடுங்கள்.

சர்வேயர் அளந்தபோது ஓர் அதிர்ச்சி. தேவாங்குகள் அதிகம் தென்படும் ஓடைக்கரையின் ஒரு பகுதி எங்கள் பட்டாவிலேயே இல்லை. புலப்படத்தில், அதாவது சர்வே வரைபடத்தில், அது ஓடைப் புறம்போக்கு, அரசு நிலம். மூன்று தலைமுறையாக எங்களுடையது என்று நினைத்திருந்தோம். கணக்கில் மிஞ்சியது மூன்று ஏக்கர் எண்பது சென்ட். அந்தக் கரையில் நிற்கும் பெரிய உசில மரத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அடுத்து, கிராம சபைத் தீர்மானம் வேண்டும் என்றார்கள். 36சி-யில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. ஆனால் ஊரைப் பகைத்துக்கொண்டு காட்டைக் காக்க முடியாது என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் பொருள் பட்டியலில் என் மனு இல்லை. அக்டோபர் 2 வரை காத்திருப்பு. அன்றும், "ஆடு மேய்க்க விடமாட்டீங்களா?" என்று கேள்வி எழுந்தது. மேய்ச்சல் பாதை ஓடைக்கு அந்தப் பக்கம்தான் போகிறது, அதை யாரும் தொடமாட்டார்கள் என்று புலப்படத்தை விரித்துக் காட்டிய பிறகே கை தூக்கினார்கள்.

நிலத்தில் பங்குள்ள அக்காவின் கையெழுத்தும் தேவைப்பட்டது. அதற்கு உதவியது அதே சட்டத்தின் 2022 திருத்தம். தனியார் நிலம் காப்பகமானால் மேலாண்மைக் குழுவில் நில உரிமையாளர், வனத்துறைப் பிரதிநிதி, ஊராட்சிப் பிரதிநிதி இருப்பார்கள். நிலம் நம் பெயரிலேயே இருக்கும் என்று தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி. ஆனால் மறுபக்கத்தையும் அவளிடம் மறைக்கவில்லை. அறிவிக்கை வந்துவிட்டால் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. தீ வைப்பது போன்ற செயல்களுக்கு சரணாலயத்தில் உள்ள தடை நமக்கும் பொருந்தும். பிள்ளைகள் நாளை வீடு கட்ட நினைத்தாலும் இதே விதிதான். இதை வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டே கையெழுத்து வாங்குங்கள். விஷயம் புரியாமல் போட்ட கையெழுத்து பின்னால் சண்டையாகும்.

போன மாதம் ரேஞ்சர் இரவில் நேரில் வந்தார். இரண்டு மணி நேரம் நடந்தோம். ஏழு கண்ணில் பட்டன. ஒன்றின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பரிந்துரையோடு கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது. அறிவிக்கை இன்னும் வரவில்லை. அந்த ஓடைப் புறம்போக்கை 36ஏ-யில் சேர்க்கக் கேட்டு ஒரு தனி மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன், அதே எழுத்தரிடம்.