1971 போருக்குப் போகாத சேத்தக்

கிருஷ்ணகிரிக்கு அருகில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில், சேத்தக் ரக ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றை வைத்துச் சிறிய அருங்காட்சியகம் அமைக்கும் வேலை நடந்துவருகிறது. விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமான உடற்பகுதியைப் பராமரிக்கும் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், ஹெலிகாப்டரின் முன்னால் வைக்க வேண்டிய பலகைக்கு அதன் வரலாற்றைத் தொகுத்துத் தரும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் முன்பே எழுதி வைத்திருந்த வரைவு, ‘வங்கதேச விடுதலைப் போரில் பங்கேற்ற வீர ஹெலிகாப்டர்’ என்று தொடங்கியது. இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டேன். “சேத்தக் அந்தப் போரில் பறந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதானே சார்” என்று பதில் வந்தது.

சேத்தக் பறந்ததில் ஐயமில்லை. பிரான்சில் உருவாகி 1959-இல் முதன்முதலாகப் பறந்த அலூவெட்-3 ஹெலிகாப்டரைத்தான் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று பெங்களூரில் கட்டியது. அங்கே பூட்டப்பட்ட முதல் ஹெலிகாப்டர் 1965-இல் பறந்தது. 1971 டிசம்பர் 3-ஆம் தேதி இரவு, நாகாலாந்தின் திமாப்பூரில் பயிற்சி பெற்ற வங்கதேச விமானிகளின் ‘கிலோ ஃப்ளைட்’ பிரிவு, ராக்கெட் பொருத்திய அலூவெட் ஒன்றில் சென்று டாக்காவுக்கு அருகில் உள்ள நாராயண்கஞ்ச் எரிபொருள் கிடங்கைத் தாக்கியதும் பதிவான வரலாறு. ஆனால் பெங்களூரில் மட்டும் 350-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்ட ஒரு ரகத்தில், ஒன்று செய்ததை இன்னொன்றின் கணக்கில் எழுதக் கூடாது. நம் முன்னால் நிற்கும் இந்த ஹெலிகாப்டர் என்ன செய்தது என்பதுதான் பலகையில் வர வேண்டும்.

அதைத் தேட வேண்டிய முதல் இடம் தயாரிப்புத் தகடு. உடற்சட்டத்தில் ரிவெட் அடித்துப் பொருத்திய இந்தச் சிறிய அலுமினியத் தகட்டில் ரகமும் கட்டுமான எண்ணும் ஆண்டும் அச்சு அடிக்கப்பட்டிருக்கும். இதற்கு முன் யாரோ அழகுக்காக உள்பக்கம் முழுவதற்கும் சாம்பல் பெயின்ட் அடித்ததில் தகடும் சேர்ந்து மறைந்துபோயிருந்தது. தின்னரில் நனைத்த பருத்தித் துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, எழுத்து தேய்ந்துவிடாமல் மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் படி எடுத்தோம். தாளில் விழுந்த ஆண்டு, போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகானது. நாராயண்கஞ்ச் தாக்கப்பட்ட இரவில் இந்த ஹெலிகாப்டர் கட்டப்படவே இல்லை. கூட நின்ற மாணவர்களின் முகம் வாடியது. எனக்கு என்னவோ அதற்குப் பிறகுதான் வேலையில் ருசி பிடித்தது.

அடுத்தது வால்பகுதியில் எழுதப்பட்ட எண். விமானப்படை ஹெலிகாப்டர்களின் எண் ‘இசட்’ என்ற எழுத்தில் தொடங்கும். கைமாறி, இடம்மாறி, காட்சிப் பொருளான பிறகு எழுதப்படும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பெயின்டர் கையில் இருந்த ஏதோ ஒரு புகைப்படத்தைப் பார்த்து எழுதியிருக்கவும் கூடும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தோம். மேலே பளபளக்கும் வெள்ளை, அதன் கீழே கரும்பச்சை, அதற்கும் கீழே மஞ்சள் ப்ரைமர். பச்சை அடுக்கின் மேல் பழைய எண்ணின் ஓரம் மயிரிழை உயரத்துக்கு மேடாக நின்றது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த எண்ணும் ஆவணத்தில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின. மேலே வெள்ளையில் எழுதியிருந்த எண்ணில் கடைசி இலக்கம் வேறு.

எண் சரியாக இருந்தாலும் கேள்வி அதோடு தீர்வதில்லை. ஹெலிகாப்டரின் ஒவ்வொரு முக்கிய பாகத்துக்கும் தனித்தனி ஆயுள்கணக்கு உண்டு. ரோட்டார் இறக்கைகள், மெயின் கியர்பாக்ஸ், எஞ்சின், வால் ரோட்டார் எல்லாம் இத்தனை மணி நேரம் ஓடியபின் கழற்றப்பட்டு ஓவர்ஹாலுக்குப் போகும்; திரும்பி வரும்போது வேறொரு ஹெலிகாப்டரில் ஏறும். அதனால்தான் உடலுக்கு ஒரு லாக் புத்தகம் (ஓடிய நேரத்தையும் செய்த வேலைகளையும் எழுதும் பதிவேடு), எஞ்சினுக்குத் தனியாக ஒன்று, மற்றவற்றுக்கு லாக் கார்டு என்று வைத்திருப்போம். படையிலிருந்து நீக்கும்போது உபயோகமானவற்றைக் கழற்றிக்கொண்டு, ஆயுள் முடிந்தவற்றை மாட்டி அனுப்புவதும் வழக்கம். இங்கே இருக்கும் மூன்று ரோட்டார் இறக்கைகளின் எண்களில் ஒன்றுகூட இந்த ஹெலிகாப்டரின் கடைசிப் பதிவோடு பொருந்தவில்லை. காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் சீனியர், எஞ்சின் ஃபிட்டராக இருந்தவர், வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “இந்த இடது கதவும் இதோடது இல்ல தம்பி, கீல் பக்கம் பெயின்ட்டப் பாரு” என்றார். “அப்ப எதண்ணா இதோடது?” என்று கேட்டேன். தகடு இருந்த நடுச்சட்டத்தைத் தட்டிக் காட்டினார். ஆவணங்களும் அப்படித்தான் கணக்கு வைக்கின்றன: தகடு எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ, அதுவே அந்த ஹெலிகாப்டர். பலகையிலும் இறக்கைகள் வேறு ஹெலிகாப்டர்களிலிருந்து வந்தவை என்று ஒரு வரி போட வேண்டும் என்பது என் கருத்து. கல்லூரித் தரப்புக்கு இது அவ்வளவாக ருசிக்கவில்லை.

பக்கவாட்டில் இருந்த போல்ட் துளைகள் இன்னொரு வாக்குவாதத்தைக் கிளப்பின. விமானப்படை சில சேத்தக்குகளில் ஏ.எஸ்.11 ரக டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளைப் பொருத்தியது என்று படித்திருந்த ஒரு மாணவர், இந்தத் துளைகள் அதற்கானவைதான் என்று உறுதியாக நின்றார். துளை இருப்பதால் ஏவுகணை இருந்தது என்றாகிவிடாது. மீட்புக்கான விஞ்ச் (ஆளைக் கயிற்றில் மேலே இழுக்கும் கருவி), கூடுதல் கருவிகள் என்று பலவற்றுக்கும் பக்கச் சட்டத்தில் இணைப்பிடங்கள் தேவைப்படும். எந்த மாற்றம் செய்தாலும் அதன் எண், செய்த தேதி, செய்தவரின் கையொப்பம் ஆகியவை லாக் புத்தகத்தின் மாற்றங்களுக்கான பக்கங்களில் ஏற வேண்டும். அந்தப் பக்கங்களில் ஏவுகணை தொடர்பாக ஒரு வரியும் இல்லை. ஸ்ட்ரெச்சர் பொருத்துவது பற்றி இருந்தது. சேத்தக்கில் விமானியின் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் வைக்கலாம். தரையில் அவற்றின் பிடிகள் அமரும் இடங்களில் பெயின்ட் தேய்ந்து, அலுமினியம் வழவழவென்று தெரிகிறது. அந்தத் தரையைப் பார்த்தால் இந்த ஹெலிகாப்டர் எதற்கு ஓடியது என்று எனக்குப் புரிகிறது.

வரைவில் ஒட்டியிருந்த சியாச்சின் படத்தையும் எடுக்கச் சொன்னேன், ஏனெனில் அதில் இருந்தது சீட்டா என்ற இன்னொரு ரக ஹெலிகாப்டர். சீட்டாவுக்கு வால் திறந்த கம்பிச் சட்டமாக இருக்கும், சக்கரங்களுக்குப் பதில் சறுக்குக் குழாய்கள். சேத்தக்குக்கு மூடிய வால், மூன்று சக்கரங்கள். இரண்டுக்கும் எஞ்சின் ஒரே ஆர்தூஸ்த் வகை என்பதால் சத்தத்தில் ஏமாறலாம், படத்தில் ஏமாறக் கூடாது.

லாக் புத்தகம் ஹெலிகாப்டர் எத்தனை மணி நேரம் பறந்தது என்று சொல்லும். எங்கே, யாருக்காக என்று சொல்லாது. அதற்கு விமானிகளின் பறப்புக் குறிப்பேடு வேண்டும். தேதி, ரகம், ஹெலிகாப்டர் எண், கூடப் பறந்தவர், பணி, பகல் இரவு நேரம் என்று ஒவ்வொரு பறத்தலுக்கும் ஒரு வரி எழுதுவது ஒவ்வொரு விமானிக்கும் கடமை. அந்தக் குறிப்பேடு அவரோடுதான் வீட்டுக்கு வரும். ஓசூரில் குடியிருக்கும் ஒரு குடும்பம், காலஞ்சென்ற தந்தையின் குறிப்பேட்டைப் பெரிய மனதோடு திறந்து காட்டியது. நம் எண் அதில் அடுத்தடுத்து வருகிறது: காயம்பட்டோரை ஏற்றிவருதல், தபால், மீண்டும் காயம்பட்டோர், பயிற்சி. பிறகு ஒரு கட்டத்தில் எண் மறைந்துவிடுகிறது. 1986 நவம்பர் 1-ஆம் தேதி தரைப்படைக்கென்று தனி வான்பிரிவு தொடங்கப்பட்டபோது, விமானப்படையின் சேத்தக், சீட்டா பிரிவுகள் பல அங்கே மாறின. ஆகவே அந்த ஆண்டையொட்டி ஒரு தடம் அறுந்தால், தேட வேண்டியது அடுத்த படையின் ஆவணங்களில். பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் அறிவித்த கொள்கைப்படி, 25 ஆண்டுகளைக் கடந்த ஆவணங்களை ஆராய்ந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். முறையாக எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.

“போரே இல்லையென்றால் யார் வந்து பார்ப்பார்கள்?” என்ற கேள்வி கூட்டத்தில் எழுந்தது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களை நினைத்துப் பாருங்கள் என்றேன். நடுகல் எழுதியவன் மன்னனின் ஆட்சியாண்டைக் குறித்துவிட்டு, இன்ன ஊரில், இன்னாருடைய சேவகன், இன்ன ஆநிரையை மீட்டுப் பட்டான் என்று முடித்துக்கொள்கிறான்; மன்னன் வென்ற பெரும்போர்களை அந்தச் சேவகன் தலையில் ஏற்றுவதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகியும் நாம் அந்தக் கல்லை நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். காயம்பட்டவரை மலையிலிருந்து இறக்கிவந்த ஹெலிகாப்டருக்கு நாராயண்கஞ்ச் எதற்கு?

இப்போதைய வரைவு இப்படி நிற்கிறது: கட்டுமான எண், கட்டிய ஆண்டு, விமானப்படையில் இருந்த காலம், காயம்பட்டோரை ஏற்றிச்சென்றதற்கான பதிவு, எந்தெந்தப் பாகங்கள் வேறு ஹெலிகாப்டர்களிலிருந்து வந்தவை என்ற குறிப்பு. இடையில் உள்ள ஆண்டுகளுக்கு இடம் விட்டிருக்கிறோம்; ஆவணம் கிடைக்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்பதற்காகப் பலகையைத் தகரத்தில் செய்யாமல், கழற்றி மாட்டும் அக்ரிலிக்கில் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் சேத்தக் பிரிவுகளில் பணியாற்றியவர்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டுப் பரணில் பறப்புக் குறிப்பேடோ பழைய பணிப் புகைப்படமோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். படம் பிடித்து அனுப்புவதாக இருந்தால், நம் எண் இருக்கும் வரியை மட்டும் வெட்டி எடுக்காமல் முழுப் பக்கத்தையும் எடுங்கள். குறிப்பேட்டில் ஆண்டை மேல் ஓரத்தில் ஒரே ஒருமுறைதான் எழுதியிருப்பார்கள். சரிபார்த்த அதிகாரியின் கையொப்பம் பக்கத்தின் அடியில் இருக்கும். அவை இரண்டும் இல்லாத வரியைப் பலகையில் ஏற்ற இயலாது.