தரவை விட்டு வந்த ஆண்டு

நிதியியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த ஐந்தாம் ஆண்டில் வேறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். பணி நிரந்தரத்துக்கான பரிசீலனை ஆறாம் ஆண்டில் நடக்கும் என்பதால், வெளியேறுவதானால் அதற்கு முன்பே வெளியேறிவிட வேண்டும், மறுக்கப்பட்டபின் வருபவரைத் தேர்வுக் குழுக்கள் வேறு கண்ணோடுதான் பார்க்கும் என்று மூத்தவர்கள் எச்சரித்திருந்தார்கள்.

என்னிடம் வெளியான கட்டுரைகள் ஐந்து இருந்தன. அவற்றுள் ஒன்று மட்டுமே ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ், ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ், ரிவியூ ஆஃப் ஃபைனான்ஷியல் ஸ்டடீஸ் என்ற, துறையில் முதன்மையாகக் கருதப்படும் மூன்று இதழ்களுள் ஒன்றில் வந்தது. மற்ற நான்கைப் பற்றி எந்த நேர்காணலிலும் ஒரு கேள்விகூட எழவில்லை. அவர்கள் துருவிக் கேட்டவை இரண்டு: திருத்தி மீண்டும் அனுப்பும்படி இதழ் கேட்டிருந்த என் கட்டுரை எந்த நிலையில் உள்ளது, கூட்டாக எழுதியவற்றில் என் பங்கு எது. எங்கள் துறையில் ஆசிரியர் பெயர்களைப் பெரும்பாலும் அகரவரிசையில் இடுவதால், முதலில் நிற்கும் பெயர் எதையும் சொல்லிவிடாது. கருத்தரங்க உரையில் கேள்விகளை எதிர்கொண்ட விதம்தான் என் பங்குக்குச் சான்றாயிற்று என்று நினைக்கிறேன்.

வேலை கிடைத்தது. முந்தைய பணிக்காலத்தில் மூன்று ஆண்டுகளைப் புதிய இடத்தின் பணி நிரந்தரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டேன்; அதனால் அங்கே பரிசீலனை அத்தனை ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடும். அது அவசரப்பட்டு எடுத்த முடிவு.

நான் எண்ணிப் பாராதது தரவு. பங்கு விலைகளுக்கான கிரிஸ்ப், நிறுவனக் கணக்குகளுக்கான காம்பஸ்டாட் போன்ற தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டுவது பல்கலைக்கழகம். உரிமமும் அதற்கே உரியது. பணியிலிருந்து விடுபட்ட அன்றே என் கணக்கு முடங்கியது, பதிவிறக்கி வைத்திருந்த கோப்புகளையும் உடன் கொண்டுசெல்ல அனுமதியில்லை. புதிய இடத்தில் இவ்விரண்டும் இருந்தன. ஆனால் திருத்த வேண்டிய கட்டுரைக்கு அடித்தளமான வங்கிக் கடன் தரவு இல்லை. அதற்கான சந்தாவை அடுத்த நிதியாண்டில்தான் பரிசீலிக்க முடியும் என்று துறைத் தலைவர் வருத்தத்தோடு சொன்னார்.

கிம், மோர்ஸ், ஜிங்காலெஸ் ஆகிய மூவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, 1970-களில் முன்னணிப் பல்கலைக்கழகத்தில் இருப்பதே ஆசிரியரின் ஆய்வுத் திறனை உயர்த்தியது என்றும், 1990-களில் அந்த விளைவு மறைந்துவிட்டது என்றும் காட்டியது. தொலைத்தொடர்பு வளர்ந்ததால் நல்ல சகாக்கள் அடுத்த அறையில் இருக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று. நானும் அதை நம்பியே கிளம்பினேன். சகாக்களைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருந்தது, உரிமங்களைப் பொறுத்தவரை இல்லை.

இறுதியில், அந்தத் தரவுக்கு உரிமம் பெற்ற பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த என் இணை ஆசிரியர் நான் அனுப்பிய நிரல்களைத் தம் கணினியில் ஓட்டி, அட்டவணைகளை மட்டும் எனக்கு அனுப்பினார். தரவுத்தளங்கள் பழைய பதிவுகளையும் அவ்வப்போது திருத்துவதால் சில எண்கள் முந்தைய பிரதியோடு ஒத்துப்போகவில்லை. மதிப்பீட்டாளருக்கு அதை விளக்கவே நான்கு பக்கங்கள் எழுத நேர்ந்தது. திருத்திய பிரதி இதழுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் இடம் மாறிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் கேட்கப்பட்ட முதலாண்டுச் செயல்பாட்டு அறிக்கையில், வெளியீடுகள் என்ற பகுதியை வெறுமையாக விட்டுக் கையொப்பமிட்டேன்.