ஸ்கீ தெரியாத ஆறு பேருக்காகப் பார்த்த ஊர்

போன வருஷம் ஆடி மாசம். காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தபோது மியூனிக்கிலிருந்து தங்கை போன் செய்தாள். "அண்ணா, ஜனவரியில எல்லாரும் கிளம்பி வாங்க. ஆல்ப்ஸ்ல ஒரு ஊர்ல ஒரு வாரம் சேர்ந்து இருக்கலாம்" என்றாள். எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று அம்மா விரல் விட்டு எண்ணினார். எங்கள் வீட்டில் நான்கு பேர், அம்மா, தம்பி குடும்பத்தில் மூவர், தங்கை வீட்டில் நால்வர், அவளுடைய மாமனார் மாமியார். பதினான்கு. வயது நான்கிலிருந்து எழுபத்தொன்று வரை.

ஸ்கீ, அதாவது நீளக் கட்டைகளைக் காலில் மாட்டிப் பனியில் சறுக்குவது, தங்கை வீட்டு நால்வருக்கும் நன்றாகத் தெரியும். நான், தம்பி, என் இரண்டு பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டோம். மீதி ஆறு பேர் ஸ்கீ கட்டையைக் காலில் மாட்டப் போவதே இல்லை.

மாப்பிள்ளை முதலில் சொன்னது பிரான்சில் உள்ள வால் தோரான்ஸ். அதைச் சேர்ந்த மூன்று பள்ளத்தாக்குகளில் மொத்தம் 600 கிலோமீட்டர் ஸ்கீ பாதை இருக்கிறது. பனி கண்டிப்பாக இருக்கும். நல்ல ஊர்தான், சந்தேகமில்லை. ஆனால் அது 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது ஊட்டியை விடக் கொஞ்சம் மேலே. ஊட்டியில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கி, விடிய விடிய உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. ரயிலும் அங்கே போகாது. முத்தியே ஸ்டேஷனில் இறங்கி, பெட்டிகளோடும் குழந்தையோடும் பெரியவர்களோடும் மலைப்பாதையில் பஸ் ஏற வேண்டும். அதைவிட முக்கியமாக, 600 கிலோமீட்டருக்கும் சேர்த்துத்தான் அந்த ஊரில் ரூம் வாடகை, சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட்டுக்கான பாஸ் எல்லாம். அதில் பாதியையாவது ஓட்டிப் பார்க்கக் கூடியவர்கள் எங்களில் நான்கே பேர்.

அப்புறம் நான் தேடுகிற விதத்தையே மாற்றிக்கொண்டேன். அந்த ஆறு பேர் காலையில் எழுந்து என்ன செய்வார்கள் என்று முதலில் பார்ப்பது, ஸ்கீயை அதற்குப் பிறகு பார்ப்பது. சுவிட்சர்லாந்தின் சாப்பாட்டு விலைக்குப் பதினான்கு பேர் கட்டுப்படியாகாது என்பதால் அதை உடனே விட்டுவிட்டோம். ஜெர்மனியில் கார்மிஷ், ஆஸ்திரியாவில் ஸெல் அம் ஸே, ஸீஃபெல்ட் என்று மூன்று மிஞ்சின. மூன்றுக்கும் ரயில் உண்டு. கடைசியில் ஸீஃபெல்ட்.

அது டிரோல் மாநிலத்தில் 1,200 மீட்டர் உயரத்தில் ஒரு சமவெளி. நம் ஏலகிரியை விடக் கொஞ்சம்தான் அதிகம், அம்மா சிரமமில்லாமல் போய் வரும் உயரம். ஸ்டேஷனில் இறங்கினால் ஊருக்கு நடுவில் நிற்கலாம். 1964, 1976 இரண்டு இன்ஸ்ப்ருக் ஒலிம்பிக்ஸிலும் சமதளப் பனியில் சறுக்கிப் போகும் போட்டிகள் இங்கேதான் நடந்தன. அதனால் மலைச்சரிவைப் போலவே சமதளத்துக்கும் இந்த ஊர் பேர்போனது. நடப்பவர்களுக்கென்றே பனியை அழுத்திச் சமன் செய்த பாதைகள் நிறைய. குதிரை வண்டி, சின்ன ஏரி, வட்ட வடிவில் ஒரு குட்டிக் கோயில் எல்லாம் உண்டு. ஆறு பேருக்கும் ஒரு வாரம் நிறைவாகப் போனது.

எந்த ஊர் என்பதற்குச் சமமாக எந்த வாரம் என்பதும் செலவை முடிவு செய்கிறது. நம் அரையாண்டு விடுமுறை விழுவது கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில். அங்கே வாடகை உச்சத்தில் நிற்பதும் அப்போதுதான். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். அது கழிந்ததும் கூட்டம் வடிந்துவிடும். பிப்ரவரியில் அவர்களுடைய பள்ளி விடுமுறைகள் வந்தால் மறுபடி ஏறும். நடுவில் இருக்கும் அந்த மூன்று வாரம் நம் பொங்கலை ஒட்டி வருவது நமக்கு அதிர்ஷ்டம். காணும் பொங்கல் முடிந்து கிளம்பினோம். மகன் ஒன்பதாம் வகுப்பு, அதனால் பள்ளியில் லீவ் கேட்க முடிந்தது. பத்தாம் வகுப்பாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டோம்.

விசா கட்டணத்தையும் ஆரம்பத்திலேயே கணக்கில் வையுங்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். இங்கிருந்து போன பத்துப் பேருக்கு 765 யூரோ ஆனது, சேவைக் கட்டணம் தனி. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறோமோ அந்த நாட்டு விசாதான் கேட்க வேண்டும். மியூனிக்கில் நான்கு இரவு, ஸீஃபெல்டில் ஏழு, ஆகவே ஆஸ்திரியா. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் கொடுத்த பாலிசியில் விசாவுக்கு வேண்டியது எல்லாம் இருந்தது, ஆனால் பனி விளையாட்டில் அடிபட்டால் பொருந்தாது என்று உள்ளே ஒரு வரி. தம்பி அதைக் கண்டுபிடித்து, கற்றுக்கொள்ளப் போகிற நால்வருக்கும் வேறு பாலிசி எடுக்க வைத்தான். தயவுசெய்து அந்தப் பக்கங்களைப் படியுங்கள்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். ராணிப்பேட்டையில் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் கம்பெனியில் இருபது வருஷமாக இருக்கிறேன். ஸ்கீ பூட்ஸுக்கு 8, 42 என்று நாம் சொல்லும் சைஸ் கிடையாது. பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை சத்துவாச்சாரியிலிருந்து வரச் சொல்லி, கூடத்துச் சுவரோரம் பேப்பர் விரித்தேன். குதிகால் சுவரில் ஒட்ட வேண்டும், உடல் எடை முழுக்க அந்தக் காலில் இறங்க வேண்டும். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துக் கட்டைவிரல் நுனியில் ஒரு கோடு. எனக்கு 26.4, மகனுக்கு 25.7, தம்பிக்கு இடது 27.1, வலது 26.6. பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒன்பது வயது மகள் கூச்சத்தில் விரலை மடக்கி மடக்கி 20.5 என்று காட்டினாள். மூன்றாவது தடவைதான் 21.2 என்று சரியான அளவு கிடைத்தது. உயரம், எடை, வயதையும் எழுதி வாடகைக் கடைக்கு முன்கூட்டியே அனுப்பினோம். விழும்போது கட்டை காலை விட்டுக் கழன்றுகொள்ள வேண்டும் அல்லவா, அந்தப் பிடிப்பை அவர்கள் திருகி வைப்பது இந்த விவரங்களைக் கொண்டுதான். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். சாக்ஸ் ஒரு ஜோடி போதும். குளிருமே என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப் போகும்.

பதினான்கு பேருக்கு ஒரே வீடு கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை அதிகம். ஒரே கட்டடத்தில் சமையலறையோடு இரண்டு வீடு எடுத்தோம். சுற்றுலா வரி ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வரும். கடைசியில் வீடு துடைக்கும் கட்டணமும் தனி. இரண்டையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். மியூனிக்கிலிருந்து பவேரியா டிக்கெட்டில் ஒரு டிக்கெட்டுக்கு ஐந்து பேர் வரை எல்லை ஊரான மிட்டன்வால்ட் வரை வரலாம். அங்கிருந்து தனி டிக்கெட். நாங்கள் செய்த தவறு, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தது. கடைகள் மூடிவிட்டன, நாங்கள் பார்த்தவை ஞாயிறும் திறக்கவில்லை. வேலூரிலிருந்து கொண்டுபோன பொன்னி அரிசியும் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும்தான் அந்த ஒன்றரை நாளும் சோறு போட்டன. நெய் எடுத்துப் போக அனுமதி இல்லை என்பதால் தங்கை வீட்டு வெண்ணெயை உருக்கி ஊற்றிக்கொண்டோம்.

கற்றுக்கொள்கிறவர்கள் முதல் இரண்டு மூன்று நாளுக்கு முழுப் பகுதிக்குமான பாஸ் வாங்க வேண்டாம். குழந்தைகள் பழகும் சின்ன மேட்டு லிஃப்ட்டுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். மாப்பிள்ளைக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ஸீஃபெல்ட் சரிவுகள் இரண்டு நாளில் அலுத்துவிட்டன, அதை மறைக்க மாட்டேன். ஒரு நாள் அவர்கள் ரயிலேறி இன்ஸ்ப்ருக்குக்கு மேலே உள்ள நோர்ட்கெட்டெ மலைக்குப் போய் ஆசை தீர ஓட்டிவிட்டு இரவு ரசம் சாதத்துக்குத் திரும்பினார்கள்.

நான்காம் நாள் எல்லாரும் ஸீஃபெல்டிலேயே உள்ள ரோஸ்ஹூட்டெ என்ற ஸ்கீ பகுதிக்கு ஏறினோம். பழனி விஞ்ச் மாதிரி தண்டவாளத்தில் ஏறும் பெட்டி. ஸ்கீ இல்லாதவர்களும் மேலே போகலாம், உட்கார ஹோட்டல் இருக்கிறது. தங்கையின் மாமியார் பயந்தபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சோளிங்கர் ரோப் கார்ல போனோமே சம்பந்தி, அதைவிடவா?" என்றார். மேலே போய் இருவரும் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கீழே என் மகள் முதல் தடவையாக விழாமல் வந்து நின்றதை முதலில் பார்த்தது அவர்கள்தான்.

வரும் ஜனவரிக்கு ஆரணியிலிருந்து பெரியப்பா மகன் கேட்டிருக்கிறார், பதினொரு பேராம். ஸ்கீ ஓட்டாதவர்கள் எத்தனை பேர் என்று முதலில் கேட்டிருக்கிறேன். மற்றவர்களின் கால் அளவை எடுக்க அடுத்த ஞாயிறு போகிறேன்.