புற்றுநோய் ஆய்வகப் பயிற்சி: வழிகாட்டியைப் பிடிப்பது எப்படி?

ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நீங்கள் எழுதும் பேராசிரியரின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதிலுள்ள ஒரு வரைபடத்தைப் பற்றிக் கேளுங்கள். பத்து வரி போதும். எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வர முடியும் என்பதையும் எழுதுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: தினமும் பக்கத்தில் நின்று சொல்லித்தருவது யார்? பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்தான், பேராசிரியர் அல்ல.

செல் வளர்ப்பு என்றால் மைக்கோபிளாஸ்மா (வளர்க்கும் செல்களில் தொற்றும் மிகச்சிறிய பாக்டீரியா) சோதனை எப்போதெல்லாம் நடக்கிறது என்றும் விசாரியுங்கள். அதற்குச் செல்சுவர் கிடையாது, அதனால் பெனிசிலின் பலிக்காது. வழக்கமாகப் பாக்டீரியாவைத் தடுக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். வளர்ப்பூடகம் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியிலும் சிக்காது. ஆனால் செல்களின் வளர்ச்சி வேகம் மாறி, மருந்துச் சோதனை முடிவெல்லாம் பாழ். பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) போன்ற தனிச் சோதனை செய்தால்தான் பிடிபடும். பதிலுக்கு மழுப்பினால் வேறு ஆய்வகம் பாருங்கள்.