பார்ல உதிச்ச கிரிஸ்டல்

எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல ஒரு புரோட்டீனோட வடிவத்த எக்ஸ்ரே வச்சு பாக்கணும்னா முதல்ல அத கிரிஸ்டலாக்கணும், அதுக்காக ஆறு மாசம் 24 குழி பிளேட்ட மைக்ராஸ்கோப்ல வச்சு வச்சு பாத்தேன். ஒரு நாள் பளபளன்னு ஒண்ணு தெரிஞ்சுது, லேபே கூடிருச்சு. ஊசியால தொட்டா புரோட்டீன் கிரிஸ்டல் பொலபொலன்னு உதிரணும், இது கல்லு மாதிரி நிக்குது. உப்பு!

அந்த கடுப்புலதான் நெட் சீமன்ங்கற விஞ்ஞானி பத்தி படிச்சேன். நியூயார்க் மாநிலம் ஆல்பனி யுனிவர்சிட்டில வேலை, அவருக்கும் கிரிஸ்டல் வர்றதில்ல. 1980ல ஒரு நாள் கேம்பஸ் பாருக்கு போய் ஆறு கை இருக்கற டிஎன்ஏ சந்திப்ப (டிஎன்ஏ இழைங்க ஒரு இடத்துல சேந்து கை கையா பிரியற அமைப்பு) பத்தி யோசிச்சிட்டிருந்தவருக்கு ஓவியர் எஷர் வரைஞ்ச பறக்குற மீன் படம் ஞாபகம் வருது. தலை, வாலு, ரெண்டு பக்கம் ரெக்கை, மேலயும் கீழயும் துடுப்பு, ஆக ஆறு கை, அதுவும் மீனெல்லாம் கிரிஸ்டல்ல இருக்கற மாதிரியே வரிசையா நிக்குது. புரோட்டீன்கிட்ட எதுக்கு கெஞ்சணும், டிஎன்ஏவயே கம்பியா வச்சு சாரம் கட்டி, அதுக்குள்ள புரோட்டீன உக்கார வச்சா போச்சு!

இயற்கையில டிஎன்ஏவோட நாலு கை சந்திப்பு ஒரு இடத்துல நிக்காது, நழுவிட்டே இருக்கும், ஏன்னா எதிரெதிர் கையில ஒரே மாதிரி எழுத்து (ஏ, டி, ஜி, சி) வரிசை இருக்கும். அத ஒத்துப்போகாத மாதிரி மாத்தி எழுதினா நழுவாதுன்னு 1982ல பேப்பர் போட்டாரு. நுனியில கொஞ்சம் ஒத்தை இழைய நீட்டி விட்டா ஏ-க்கு டி, ஜி-க்கு சின்னு ஜோடி பாத்து அதுவே ஒட்டிக்கும்.

அப்புறம் நியூயார்க் யுனிவர்சிட்டிக்கு மாறி 1991ல டிஎன்ஏலயே ஒரு கனசதுரம் பண்ணாங்க, ஒவ்வொரு விளிம்பும் 20 ஜோடி எழுத்து. எப்படி நிரூபிச்சாங்கன்னா, அங்கங்க வெட்டி, துண்டுகள சைஸ் வாரியா பிரிக்கற ஜெல்ல ஓட விட்டு எந்தெந்த துண்டு வருதுன்னு பாத்து. ஜெல்லு ஓட்டினவங்களுக்கு தெரியும் அந்த வலி.

2006ல பால் ராத்மண்ட்னு இன்னொரு விஞ்ஞானி ஒரு வைரஸோட நீள டிஎன்ஏவ 200க்கு மேல குட்டி இழைகள வச்சு மடிச்சு ஸ்மைலி பண்ணாரு, இன்னிக்கு எல்லா பிரசன்டேஷன்லயும் அந்த மூஞ்சிதான். நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா எனக்கு 2009தான். அன்னிக்கு பார்ல நெனச்ச முப்பரிமாண கிரிஸ்டல் அப்பதான் வந்துச்சு, கால் மில்லிமீட்டர் சைஸுல. 29 வருஷம்ங்க! மறு வருஷம் சீமனுக்கு நானோ அறிவியலுக்கான காவ்லி பரிசு, 2021 நவம்பர்ல போய்ட்டாரு.

நான் ஆறு மாசத்துலயே கம்ப்யூட்டர் பக்கம் ஓடிட்டேன். உப்பு போட்டோ மட்டும் இன்னும் போன்ல இருக்கு.